பாய் வீட்டு சீலிங்கும் என் கடலும்

எங்கள் வரவேற்பறையில் ஒரு கடல் இருக்கிறது. நீளம் நாலடி. அகலத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அது என் மனைவியின் சோபாவிடமிருந்து அபகரித்த அகலம். உள்ளே இரண்டு கோமாளி மீன்கள், கொஞ்சம் பவளம், பூப்போல விரிந்து விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கும் ஒரு கடல்சாமந்தி. வேலை முடிந்து வந்தால் சட்டையைக்கூடக் கழற்றாமல் அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவேன். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை எனக்கு. எந்தப் பெட்டி எந்த இடத்தில் அடங்கும் என்று பகலெல்லாம் ஊருக்குச் சொல்லிக்கொடுப்பவன். நான் செய்த பெட்டி என்னை என்ன பாடு படுத்தியது என்று படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், சிரிக்க வசதியாக இருக்கும்.

கடலுக்குக் கீழே பாய் வீடு.

தெம்பனிஸில், அரசாங்கம் கட்டிய வீவக அடுக்குமாடியில் நாங்கள் ஆறாவது மாடி, பாய் ஐந்தாவது. லிட்டில் இந்தியாவில் துணிக்கடை வைத்திருப்பவர். என்னைவிட நன்றாகவே மூத்தவர், வெள்ளைச் சட்டையில் ஒரு சுருக்கம் பார்க்க முடியாது. முன்பொரு முறை எங்கள் வாஷிங் மெஷின் குழாய் கழன்று, வீட்டில் ஆளில்லாத நேரத்தில் தண்ணீர் சமையலறையிலிருந்து வரவேற்பறைவரை உலாவப் போய், அவர் வீட்டு சீலிங்கில் பெரிய கறையாக இறங்கியது. மலேசிய வரைபடம் மாதிரி, பெர்லிஸிலிருந்து ஜொகூர்வரை தெளிவாக இருந்தது. பாய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வருடப் பெருநாளுக்கும் வழக்கம்போல பிரியாணி மேலே ஏறி வந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு முனகிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். அந்தப் பிரியாணியை விழுங்கத்தான் கஷ்டமாக இருந்தது. விழுங்கினேன், அது வேறு விஷயம்.

இப்போது பாய் மகளுக்குச் சம்பந்தம் பேச ஆட்கள் வருகிறார்கள் என்று வீட்டுக்குப் புதுசாக வெள்ளையடித்திருந்தார். அந்த நேரம் பார்த்து நான் மீன்தொட்டிக்கு சம்ப் கட்டப் போகிறேன் என்றேன். மனைவி காய் நறுக்குவதை நிறுத்தாமலேயே தீர்ப்பை வாசித்தாள்.

"கட்டுங்க. ஆனா ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு பாய் வீட்டு சீலிங்ல இறங்கட்டும், அன்னிக்கே தொட்டி வெளிய போயிடும். நீங்களும் கூடவே போறதுன்னா எனக்கு ஒண்ணும் இல்ல."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவள் விளையாட்டுக்குச் சொல்லும்போது கத்தியைக் கீழே வைத்துவிடுவாள்.

சம்ப் என்றதும் சென்னையிலிருக்கும் என் மச்சான் போனில் கேட்டான்: ஆறாவது மாடியில் எங்கே பள்ளம் தோண்டுவீர்கள்? அந்த சம்ப் வேறு, இது வேறு. மீன்தொட்டிக்கு அடியிலுள்ள அலமாரிக்குள் இன்னொரு சின்னத் தொட்டி. மேல்தொட்டி நிரம்பி வழியும் நீர் குழாய் வழியாகக் கீழே விழும். அங்கே தடுப்புகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போய் அழுக்கைத் தொலைக்கும். கடைசி அறையில் இருக்கும் மோட்டார் அதை மறுபடி மேலே அனுப்பும். என் கடல்சாமந்தி சில வாரங்களாகச் சுருங்கிக்கொண்டே வந்தது. கிராஞ்சியில் மீன்பண்ணை வைத்திருப்பவர் படத்தைப் பார்த்துவிட்டு, இதற்குச் சுத்தமான தண்ணீர் போதவில்லை, சம்ப் இல்லாமல் தேறாது என்றார். கடையில் விற்கும் எந்த சம்ப்பும் என் அலமாரிக்குள் நுழையவில்லை. சரக்குப் பிரிவின் மானம் போகாமலிருக்க, நானே அக்ரிலிக்கில், அதாவது கண்ணாடி மாதிரிப் பிளாஸ்டிக்கில், செய்வதென்று முடிவெடுத்தேன்.

அக்ரிலிக் பலகைகளை அளவு கொடுத்து ஒரு தொழிற்பேட்டைக் கடையில் அறுத்து வாங்கினேன். பழுப்புக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். எம்ஆர்டி ரயிலில் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற கோலத்தைப் பார்த்து ஒரு பெண்மணி எழுந்து இடம் கொடுத்தார். கர்ப்பிணிக்குக் கொடுப்பது போலத்தான் கொடுத்தார், நானும் அப்படித்தான் உட்கார்ந்தேன்.

அக்ரிலிக்கைச் சாதாரணப் பசை போட்டு ஒட்டுவதில்லை. தண்ணீர் போல ஒரு கரைப்பான் இருக்கிறது. ஊசிமுனை வைத்த சின்ன பாட்டிலில் வரும். இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் மயிரிழை இடைவெளி விட வேண்டும், அதற்கு நடுநடுவே குண்டூசி செருக வேண்டும். இடைவெளிக்குள் கரைப்பானை விட்டுச் சற்றுப் பொறுத்து ஊசிகளை உருவினால், மேல்பலகை தானாக இறங்கி உட்காரும். இதெல்லாம் வீடியோவில் பார்த்த ஞானம். குண்டூசிக்கு தேக்கா சந்தை மாடியில் ரவிக்கை தைக்கும் அக்காவிடம் போனேன். எல்லாம் ஒரே பருமனாக இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதைக் கொஞ்ச நேரம் பொறுத்துக்கொண்டவர், யாருக்கு ரவிக்கை என்று கேட்டார். மீனுக்கு என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

ஒட்டிய காலையைச் சொல்ல வேண்டும். ஜன்னல்களைத் திறந்து வைத்தேன். பலகையை நிறுத்தி, ஊசிகளைச் செருகி, பாட்டிலின் முனையை மூலையில் மெல்லத் தொட்டேன். தொட்டதுதான். நான் அழுத்தவில்லை, தள்ளவில்லை. அந்தத் திரவம் தானாகவே கிளம்பி இடைவெளி வழியாக ஓடியது. பலகைகளுக்கு நடுவே காற்று நின்ற இடமெல்லாம் அதுவரை வெள்ளிக்கோடாகத் தெரிந்தது, திரவம் போகப் போக அந்த வெள்ளி அணைந்து கண்ணாடியாகிக்கொண்டே வந்தது. மறுமுனைவரை போய், மூலையில் திரும்பி, அடுத்த பக்கத்திலும் கொஞ்ச தூரம் எட்டிப் பார்த்தது. யார் சொல்லிக்கொடுத்தார்கள் அதற்கு? ஊசிகளை உருவினேன். பலகை பெருமூச்சு விட்டது போல ஒரு இம்மி இறங்கியது. அப்புறம் நான் எத்தனை கோணத்தில் தலையைச் சாய்த்துப் பார்த்தும் எங்கே ஒரு பலகை முடிந்து இன்னொன்று ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியவில்லை. ஒட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. ஒன்றாகவே ஆகியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து வாயைப் பிளந்துகொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு மனைவி, பசை வாசம் தலைக்கேறிவிட்டது என்று நினைத்து மோர் கொண்டுவந்தாள்.

கசிவு பார்க்க, பெட்டியைக் குளியலறையில் தமிழ்ப் பேப்பர் விரித்து அதன்மேல் வைத்துக் குழாய்த் தண்ணீரை நிரப்பினேன். சொட்டு விழுந்தால் பேப்பர் காட்டிக்கொடுத்துவிடும். விழுந்தது. இரங்கல் செய்திப் பக்கத்தின் ஓரமாக ஒரு ஈரப்புள்ளி. குப்பென்று வேர்த்தது. இன்னொரு புள்ளி. பெட்டியின் அடிமூட்டுகளை விரலால் தடவினேன், எல்லாம் காய்ந்து கிடந்தன. மூன்றாவது புள்ளி விழுந்ததும் நான் படித்த படிப்பையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு அதைத் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்புக் கரித்தது. பெட்டியில் இருந்ததோ குழாய்த் தண்ணீர். என் நெற்றியிலிருந்துதான் விழுந்துகொண்டிருந்தது.

இனி மீதமிருந்தது ஒரே ஒரு பரீட்சை, அதுதான் பெரியது. மோட்டார் நின்றுபோனால் என்ன ஆகும்? மேலே போன குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பிக் கீழே இறங்கத் தொடங்கும். பெட்ரோல் டேங்கில் குழாய் விட்டு ஒருமுறை உறிஞ்சிவிட்டால் தானாக வந்துகொண்டே இருக்குமே, அந்த வித்தைதான். கீழே சம்ப் நிரம்பும், தரையில் வழியும், அப்புறம் பெர்லிஸ், கெடா, பினாங்கு. இதைத் தடுக்க, மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே குழாயில் ஒரு சிறு துளை போட்டிருந்தேன். மோட்டார் நின்றதும் அதன் வழியாகக் காற்று உள்ளே போகும், ஓட்டம் அறுந்துவிடும். காகிதத்தில் இது பிரமாதமாக வேலை செய்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, பாய் கடைக்குக் கிளம்புமுன் கீழே போய் விஷயத்தைச் சொன்னேன். முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டு வைத்துவிடும் தந்திரம். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டு, சீலிங்கை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். பிறகு சோபாவைச் சுவரோரம் தள்ளிவிட்டு, ஒரு நாற்காலியைச் சரியாக என் தொட்டிக்கு நேர்கீழே இழுத்துப் போட்டார்.

"நீங்க மேல போங்க தம்பி. நான் இங்க உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். போனைப் போட்டு வைங்க."

மேலே வந்தால் மனைவி குளித்து, திருநீறு பூசித் தயாராக நிற்கிறாள். அவள் தொட்டிக்கு எதிரிதான், ஆனாலும் ஒரு புதுச் சாமானைப் பொட்டு வைக்காமல் ஓடவிட அவளுக்கு மனசு வராது. எங்கள் ஃப்ரிட்ஜ், ரைஸ் குக்கர், என் பழைய சைக்கிள் எல்லாம் மங்கலகரமாகத்தான் வாழ்க்கையைத் தொடங்கின. மஞ்சள், குங்குமம், சந்தனம் எதுவும் இந்தத் தண்ணீரில் ஒரு துகள்கூட விழக்கூடாது, விழுந்தால் கடல்சாமந்தி அவ்வளவுதான் என்று முந்தின நாளே பெரிய பிரசங்கம் செய்திருந்தேன். சரி சரி என்று தலையாட்டியிருந்தாள்.

மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் ஏறியது, வழிந்தது, சம்ப்பில் விழுந்து அறை அறையாக நடந்து போனது. நான் தரையில் படுத்து ஒவ்வொரு மூட்டாக டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே குழாயை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சொட்டு இல்லை. போனை ஸ்பீக்கரில் வைத்து பாயைக் கேட்டேன்.

"இதுவரைக்கும் வெள்ளைதான்," என்றார், தேர்தல் முடிவு வாசிப்பவர் போல.

சுவிட்சை அணைத்தேன்.

மோட்டாரின் முனகல் நின்றதும் வீடு திடீரென்று அமைதியானது. சம்ப்பில் நீர் ஏறத் தொடங்கியது. ஏற வேண்டியதுதான், என் கணக்கே அது. விளிம்புக்கு நாலு விரற்கடை கீழே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன், அங்கே நிற்க வேண்டும். கோட்டைத் தொட்டது. தாண்டியது.

இந்த இடத்தில் புத்தியுள்ள மனுஷன் சுவிட்சைத் திரும்பப் போட்டிருப்பான். நான் ஓடிப்போய் ஒரு மக்கை எடுத்துவந்தேன். சம்ப்பிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு எறிந்தேன். எங்கே என்று கேளுங்கள். மேலே, மீன்தொட்டிக்குள். அது அங்கிருந்து குழாய் வழியாக மறுபடியும் என் சம்ப்புக்கே வந்து சேர்ந்தது. கை மொண்டுகொண்டே இருந்தது, தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது, கோமாளி மீன்கள் இரண்டும் கண்ணாடிக்கு வந்து தங்கள் இனத்தில் புதுசாக ஒருவன் என்று பார்த்தன.

"தம்பி, என்ன சத்தம்?" இது பாய்.

"ஒண்ணுமில்ல பாய்."

"ஒண்ணுமில்லாதவன் குரல் மாதிரி இல்லையே."

சுவிட்சைப் போடவா என்று மனைவி வந்தாள். தரையெல்லாம் நான் சிந்திய உப்புத்தண்ணீர், தொடாதே தொடாதே என்று அலறினேன். துண்டை எடு என்றேன். இட்லிப்பானையைக் கொண்டுவா என்றேன், எதற்கென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போதுதான் தலையைத் தூக்கிக் குழாயைப் பார்த்தேன். என் துளை இருந்த இடத்தில் துளை இல்லை. மெரூன் நிறத்தில், வட்டமாக, வழவழப்பாக, ஒரு ஸ்டிக்கர் பொட்டு.

"இது என்ன?"

"பொட்டு," என்றாள். "சந்தனம் விழக்கூடாதுன்னீங்கள்ல, அதான் ஸ்டிக்கர் வச்சேன். வைக்கிறதுக்குன்னே நடுவுல அழகா ஒரு புள்ளி இருந்துச்சு."

காற்று போக வேண்டிய வழியில் என் வீட்டு லட்சுமி கடாட்சம் உட்கார்ந்திருந்தது. குழாய்க்குள் இறங்கும் தண்ணீர் அதை உள்பக்கமாக இழுக்க இழுக்க இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தது. பொட்டுக்கு நேரே விரலை நீட்டினேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள், பொட்டைப் பார்த்தாள், சம்ப்பைப் பார்த்தாள். அவ்வளவுதான். கண்ணாடி முன் நின்று தன் நெற்றியிலிருந்து எடுப்பது போல, நகத்தால் ஓரத்தை நெம்பி, சட்டென்று உரித்தாள்.

குழாய் தாகத்தோடு உறிஞ்சுவது போல நீளமாக ஒரு சத்தம் போட்டது. நின்றது.

நாங்கள் இருவரும் மண்டியிட்டு சம்ப்பைப் பார்த்தோம். தண்ணீர் விளிம்பில் இருந்தது. இல்லை, விளிம்புக்கு மேலே இருந்தது. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிந்தது. அக்ரிலிக் முடிந்த பிறகும் தண்ணீர் முடியவில்லை. சுற்றிலும் மெல்லிய உருண்டையாக, ஒரு கண்ணின் மேற்பரப்பு போலப் புடைத்து நின்றது. அதைப் பிடித்துக்கொண்டிருக்க அங்கே ஒன்றுமே கிடையாது. சுவர் இல்லை, மூடி இல்லை, என் கணக்கும் இல்லை. ஜன்னல் வெளிச்சம் அந்த வளைவில் ஒரு வில்லாக விழுந்திருந்தது. கீழே பஸ் ஒன்று போக, அந்த வில் லேசாக நடுங்கி மறுபடி நிமிர்ந்தது. நான் மூச்சை வெளியே விடப் பயந்தேன். மூச்சுக் காற்று பட்டால்கூட அது மனம் மாறிவிடலாம். பக்கத்தில் மனைவியும் மூச்சு விடவில்லை. இத்தனை வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் ஒரே பொருளை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை. வழிந்துவிட எல்லா நியாயமும் இருந்தும் வழியாமல் நிற்கும் தண்ணீர். கும்பிடத் தோன்றியது. கையில் மக் இருந்தது.

போனிலிருந்து பாயின் குரல் வந்தது. கழுத்து வலிக்கிறது, ஆனால் சீலிங் வெள்ளையாகத்தான் இருக்கிறது, கடைக்கு இறங்கலாமா என்றார். இறங்குங்கள் என்றேன். அவர் இறங்கவில்லை, மேலே ஏறி வந்துவிட்டார்.

அதற்குள் தரையைத் துடைத்து, கையையும் துடைத்துக்கொண்டு மோட்டாரை ஓடவிட்டிருந்தேன். பாய் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தவர் தொட்டியைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை காலம் பழகியும் அவர் எங்கள் வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகிறவர். மீன்தொட்டி என்றால் மேசைமேல் வைக்கும் கிண்ணம் என்று நினைத்திருக்கிறார். அவர் கண் தொட்டியின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு மெதுவாகப் போனது.

"இவ்வளவுமா எங்க தலைக்கு மேல இருக்கு?"

நானே கீழே போய்ச் சொல்லி, எதற்குப் பயப்பட வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டேன். மனைவி முன்னால் வந்தாள். அவள் குரலில் காய் நறுக்கியபோது இருந்த அதிகாரம் இல்லை, ஆனால் நேராகப் பேசினாள்.

"பாய், இன்னிக்கு நடந்தது என்னாலதான். தப்பிச்சிட்டோம். ஆனா உங்க வீட்டுக்கு ஆளுங்க வர்ற நேரம். நீங்க வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, தொட்டியை எடுத்துடுறோம்."

எடுக்க வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அது அவர் சீலிங். கோமாளி மீன் ஒன்று கடல்சாமந்தியின் விரல்களுக்குள் புகுந்து, திரும்பி, தலையை மட்டும் வெளியே நீட்டியது. அது என்ன பூவா என்று பாய் கேட்டார். பிராணி, தொட்டால் கொட்டும், மற்ற மீன் போனால் தின்றுவிடும் என்றேன். அந்தச் சின்னதை மட்டும் ஏன் ஒன்றும் செய்யவில்லை என்றார். அதன் உடம்பில் ஒரு பூச்சு இருக்கிறது என்று ஆரம்பித்து, எனக்கே முழுசாகத் தெரியாது என்பதால் பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

"சுப்ஹானல்லாஹ்," என்றார், மூச்சுக்குள்.

பிறகு அவர் என் பக்கம் திரும்பி, சீலிங்கைப் பார்த்துக்கொண்டிருந்ததில் முக்கியமானதைப் பார்க்க முடியவில்லை, மோட்டாரை இன்னொரு தரம் நிறுத்திக் காட்ட முடியுமா என்று கேட்டார். என் மனைவி என்னைப் பார்த்தாள். நான் சுவிட்சை அணைத்தேன்.

மூன்று பேரும் அலமாரி முன்னால் குந்தி உட்கார்ந்தோம். பாயின் வெள்ளைச் சட்டை முழங்காலில் மடங்கிச் சுருங்கியது, அவர் கவனிக்கவில்லை. துளை ஒரு மடக்கு காற்றை விழுங்கியது. குழாயில் சத்தம் அறுந்தது. மேல்தொட்டியில் மிச்சமிருந்தது மட்டும் மெதுவாக வழிந்து வந்து சேர, சம்ப்பில் நீர் ஏறி, ஏறி, என் கோட்டுக்குச் சற்றுக் கீழேயே தானாக நின்றது. நிற்கச் சொல்லி யாரும் கை நீட்டவில்லை. பாய் உள்ளங்கையை அக்ரிலிக் சுவரில் வைத்தார், உள்ளே இருக்கும் கனத்தைத் தொட்டுப் பார்ப்பவர் போல. தன் தலைக்கு மேல் தினமும் இருந்ததை முதல்முறையாகத் தொடுகிறார்.

"இருக்கட்டும்," என்றார், கையை எடுக்காமலே.

கடைக்கு நேரமாகிவிட்டதே என்று மனைவி மெல்ல நினைவூட்டினாள். அவர் காதில் விழுந்ததாகத் தெரியவில்லை.